தாளம் யார் கையில்? – வாசகர் கேள்வி பதில்

ஆலை, கடை, பள்ளி, மருத்துவமனை நடத்துவோர் நம் ஊர் மேடைக் கலைகளிடம் என்ன கற்றுக்கொள்ளலாம் என்பதே இந்த இதழின் பொருள். காவிரிப் படுகையிலிருந்து வந்த கேள்விகளுக்கு நாகசுரம், மிருதங்கம், நட்டுவாங்கம் (நாட்டியத்துக்குத் தாளம் போட்டு நடத்துவது) ஆகியவற்றில் மேடைப் பழக்கம் உள்ளவர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள்.

அரிசி ஆலையில் 14 பேரை வைத்து வேலை வாங்குகிறேன். நான் வாய் திறந்து சொன்னால்தான் எதுவும் நகர்கிறது. கோயில் மேளத்தில் யாரும் யாரையும் ஏவுவதாகத் தெரியவில்லை, ஆனாலும் பிசகாமல் நடக்கிறதே. எப்படி?
– வாசகர், மன்னார்குடி

ஏவல் இல்லாமல் இல்லை. வாசிக்க உட்காருவதற்கு முன்பே அது பிரித்துக் கொடுக்கப்பட்டுவிடுகிறது. பெரிய மேளத்தில் வழக்கமாக இரண்டு நாகசுரம், இரண்டு தவில், ஒரு தாளம், ஒரு சுருதி இருக்கும். சுருதிக்காக முன்பெல்லாம் ஒத்து என்ற குழலை ஊதினார்கள், இப்போது சுருதிப் பெட்டி வந்துவிட்டது. இந்த ஆறு பேரின் வேலையிலும் மூன்று அடுக்குகள் உண்டு. சுருதி, தாளம், கீர்த்தனையின் பாடம் ஆகியவை மாறாதவை. சுவாமி எந்த இடத்தில் இருக்கிறார், பொழுது என்ன என்பதைப் பார்த்து மாறுபவை இரண்டாம் அடுக்கு. சுவாமி புறப்பாட்டுக்குக் கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி என்ற உருப்படியை வாசிப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைக் கேட்டதும் சுவாமியைத் தூக்கும் பாதம் தாங்கிகளும் தீவட்டிக்காரர்களும் தயாராகிவிடுவார்கள், யாரும் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டியதில்லை. ஆலாபனை, கற்பனை ஸ்வரம், தவில் தனி போல அந்த நேரத்தில் பிறப்பவை மூன்றாம் அடுக்கு. முதல் இரண்டும் கட்டுக்கோப்பாக இருப்பதால் மூன்றாவதில் வித்வான் எவ்வளவு தூரமும் போகலாம்.

உங்கள் ஆலையில் மூன்று அடுக்கும் உங்கள் வாயில் இருப்பதாகத் தெரிகிறது.

மேளத்தில் தாளம் போடுபவர் பல நேரம் இருப்பவர்களிலேயே இளையவர். ஆனால் அவர் எண்ணிக்கைக்குப் பெரிய வித்வானும் கட்டுப்பட்டவர். தோடி ராகத்தை மணிக்கணக்கில் விரித்த நாகசுர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்கும், ஆலாபனை முடிந்து கீர்த்தனை தொடங்கியதும், அந்தத் தாளம்தான் சட்டம். இதை ஆலைக்குக் கொண்டுவரக் காயவைக்கும் இடத்திலிருந்து தொடங்குங்கள். அவித்த நெல்லை ஒரே மூச்சில் காயவைத்தால் அரிசியில் வெடிப்பு விழுந்து குருணை கூடும். ஈரம் 18 விழுக்காட்டுக்கு வரும்போது நிறுத்தி, சில மணி நேரம் குவித்து வைத்து, பிறகு 14 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்து அரைவைக்கு அனுப்ப வேண்டும். ஈரமானியை ஒருவர் கையில் கொடுங்கள். ‘நிறுத்து’ என்பதும் ‘அரைவைக்குப் போகலாம்’ என்பதும் அவர் சொல். அதைக் குரலாகச் சொல்லாமல் மணியாகவோ பலகையாகவோ வையுங்கள். தூரத்தில் இருப்பவனும் பார்த்து நகர்வான்.

இந்த ஏற்பாடு எங்கே உடையும் என்பதும் தெரிந்ததுதான். லாரி வாசலில் நிற்கிறது, மானி 16 காட்டுகிறது, நீங்கள் ‘பரவாயில்லை, ஓட்டு’ என்கிறீர்கள். மறுநாளிலிருந்து அவர் மானியைப் பார்க்க மாட்டார், உங்கள் முகத்தைப் பார்ப்பார். வித்வான் தாளக்காரரை ஒரு முறை மீறினால் தவிலும் தாளத்தை விட்டுவிட்டு வித்வானைத் துரத்தும், அப்புறம் கச்சேரி முழுக்கத் துரத்தல்தான். மானிக்காரரின் சொல்லுக்கு முதலாளியும் கட்டுப்படுகிறார் என்பதை மற்றவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு மூன்று வாரம் நிலைத்த பிறகு, ஊறவைக்கும் தொட்டிக்கும் அவிக்கும் இடத்துக்கும் இதையே செய்யலாம்.

எங்கள் ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் இரண்டு மூத்த விற்பனையாளர்கள். இருவரும் கெட்டிக்காரர்கள், ஆனால் ஒருவர் வாடிக்கையாளரை மற்றவர் இழுக்கிறார். பிரித்து வைப்பதா, சேர்த்து வைப்பதா?
– கடை மேலாளர், கும்பகோணம்

மிருதங்கமும் கடமும், அல்லது மிருதங்கமும் கஞ்சிராவும் தனி ஆவர்த்தனம் வாசிக்கும்போது ‘குறைப்பு’ என்று ஒரு பகுதி வரும். இரண்டு கெட்டிக்காரர்களை ஒரே மேடையில் வைத்துக்கொள்ள நம் பெரியவர்கள் கண்ட வழி அது.

ஆதி தாளம் என்றால் ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு சுற்றுக்கு, 8 அட்சரம் (எண்ணிக்கை). முதலில் மிருதங்கம் இரண்டு ஆவர்த்தனம், அடுத்தவர் இரண்டு ஆவர்த்தனம். பிறகு ஆளுக்கு ஒன்று, பிறகு அரை, பிறகு கால். இப்படிக் குறைந்து குறைந்து, பந்து கை மாறுவதே தெரியாத அளவுக்கு வந்ததும் இருவரும் சேர்ந்து மோரா என்ற முடிப்புச் சொற்கட்டை வாசித்து, கோர்வை என்ற கடைசித் தொகுப்பை மூன்று முறை சேர்ந்து முடிப்பார்கள். இதில் எழுதாத விதிகள் நான்கு. மூத்தவர் தொடங்குவார். இருவருக்கும் கால அளவு சமம். தொடங்கியவர் எந்த நடையை எடுத்தாரோ அதே நடையில்தான் அடுத்தவர் பதில் சொல்ல வேண்டும், தன் வித்தையைக் காட்டத் தடம் மாறக் கூடாது. பாடகர் எழுந்து போகாமல் உட்கார்ந்து, இருவருக்கும் ஒரே மாதிரி தாளம் போட வேண்டும்.

கடையில் செய்து பார்க்க: முதல் வாரம் வாடிக்கையாளர்களை மாறி மாறிக் கொடுங்கள். உட்காரவைப்பது முதல் பில் வரை ஒருவரே பார்க்கட்டும். அந்த நேரம் மற்றவர் புடவை எடுத்துக் கொடுப்பது, மடிப்பது மட்டும். அடுத்த வாரம் ஒரே வாடிக்கையாளரிடம் பாதி பாதி. ஒருவர் காட்டித் தேர்வு செய்ய உதவ, மற்றவர் ரவிக்கைத் துணி, பார்டர் பொருத்தம், பில் வரை கொண்டுபோகட்டும். அதன் பிறகு முகூர்த்தப் பட்டு எடுக்க ஒரு குடும்பமே பத்துப் பன்னிரண்டு பேராக வருமே, அப்போது இருவரையும் ஒன்றாக உட்காரவையுங்கள். மணப்பெண்ணிடம் ஒருவர், பணம் கொடுக்கும் பெரியவரிடம் ஒருவர். அதுதான் கோர்வை.

ஒன்றை மட்டும் முன்பே சரிசெய்யுங்கள். கமிஷன் தனித்தனியாக ஓடும்வரை இது பலிக்காது. கச்சேரியில் சன்மானம் முன்பே பேசி முடிந்துவிடுகிறது. யாருக்குக் கைதட்டல் அதிகம் என்று பார்த்து மேடையில் கூட்டிக் குறைப்பதில்லை. சேர்ந்து முடித்த விற்பனைக்குச் சரிபாதி என்று எழுதிக் கொடுங்கள். அதற்குப் பிறகும் ஒருவர் மற்றவரை இடறிவிடவே கணக்குப் போடுகிறார் என்றால், அந்த ஜோடியை அமர்த்தக் கூடாது என்பதே எங்கள் கருத்து. சபாக்காரர்களும் அப்படித்தான் செய்வார்கள்.

கூட்டம் ஆரம்பித்துப் பதினைந்து நிமிடம் ஆகியும் ஆளுக்கொரு திசையில் பேசுகிறார்கள்.
– வாசகர், திருத்துறைப்பூண்டி

சுருதி சேர்க்காமல் தொடங்குகிறீர்கள். மேடையில் தம்புரா கூட்டி, மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் ரவைப் பசை வைத்து, வலப்பக்கமான வலந்தலையைத் தட்டிப் பாடகரின் அடிப்படை ஸ்வரமான ஆதார சட்ஜத்தோடு சேர்த்த பிறகே முதல் உருப்படி. ரசிகர்கள் அந்த நேரத்தை வீண் என்று நினைப்பதில்லை. கூட்டத்தின் முதல் ஐந்து நிமிடத்தில், ‘இன்று எழுந்து போகும்போது எந்த ஒரு விஷயம் முடிவாகியிருக்க வேண்டும்’ என்பதை ஒவ்வொருவரும் ஒரே வாக்கியத்தில் சொல்லட்டும். வாக்கியங்கள் சேரவில்லை என்றால் முதலில் அதைச் சேருங்கள், தலைப்புகளுக்கு அப்புறம் போகலாம்.

மருத்துவமனையில் செவிலியர் கண்காணிப்பாளராக இருக்கிறேன். எங்கள் பெண்கள் வேலையில் குறை வைப்பதில்லை. ஆனாலும் ‘மூஞ்சியைக்கூடப் பார்க்கவில்லை’ என்று நோயாளிகள் வருத்தப்படுகிறார்கள். அபிநயம் கற்றவர்களிடம் இதற்கு வழி இருக்கிறதா?
– வாசகி, மயிலாடுதுறை

இருக்கிறது. பரதம் கற்கும் குழந்தைக்கு ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுக்கும் பாடம் அது: கை போகும் இடத்துக்குக் கண் போக வேண்டும், கண் போகும் இடத்துக்கு மனம் போக வேண்டும், அங்கேதான் பாவம் (உணர்ச்சி வெளிப்பாடு) பிறக்கும். உங்கள் வார்டில் கை நோயாளியின் தோளில் இருக்கிறது, கண் கணினித் திரையிலோ அடுத்த கட்டிலிலோ இருக்கிறது. ஊசி சரியாகவே போடப்படுகிறது, ஆனால் தன்னை யாரோ தொட்டுவிட்டுப் போனதாகத்தான் நோயாளிக்குப் படுகிறது.

ஆகவே நேரத்தைக் கூட்ட வேண்டாம், கண்ணையும் கையையும் ஒன்றாக வையுங்கள். கட்டிலுக்கு வந்ததும் முதலில் முகம், பெயர் சொல்லி ஒரு வார்த்தை. பிறகு கண்ணும் கையும் சேர்ந்து ஊசி போடும் இடத்துக்கு. முடிந்ததும் கண் மறுபடி முகத்துக்கு. அதன் பிறகே குறிப்பேடு. எழுதிக்கொண்டே கேள்வி கேட்பதை மட்டும் விட்டுவிட்டாலே பாதி வருத்தம் போய்விடும். படுத்திருப்பவரிடம் நின்றபடி பேசினால் பார்வை மேலிருந்து விழுகிறது. ஒரு முக்காலி இருந்தால் அரை நிமிடம் உட்காரலாம்.

இன்னொன்று சஞ்சாரி. பதம் என்ற அபிநயப் பாட்டில் ஒரே வரியைப் பாடகர் திரும்பத் திரும்பப் பாட, ஆடுபவர் ஒவ்வொரு முறையும் வேறு வழியில் அதைக் காட்டுவார். பொருள் மாறாது, வழி மாறும். மாத்திரை விளக்கும்போது நம்மவர்கள் ‘காலை ஒண்ணு, ராத்திரி ஒண்ணு’ என்பதையே குரலை உயர்த்தி இன்னொரு முறை சொல்கிறார்கள். ஒரு முறை வாயால் சொல்லுங்கள். அடுத்த முறை மாத்திரை அட்டையைக் கையில் எடுத்து, ‘இட்லி சாப்பிட்ட பிறகு இது’ என்று காட்டுங்கள். மூன்றாவதாக, ‘வீட்டுக்குப் போய் மருமகளிடம் எப்படிச் சொல்வீங்க, எனக்குச் சொல்லுங்கம்மா’ என்று அவர் வாயால் வாங்குங்கள். தவறு இருந்தால் இந்த மூன்றாவதில்தான் வெளியே வரும்.

ஓர் எச்சரிக்கை. பாவத்தைக் கூட்டிக் காட்டினால் பொய்யாகிவிடும், ஆடுபவரும் சோர்ந்துபோவார். முப்பது கட்டில் பார்க்கும் பெண்ணிடம் முப்பது முறை புன்னகைக்கச் சொல்லாதீர்கள். நல்ல அபிநயத்தில் முக்கால்வாசி நேரம் முகம் அமைதியாகத்தான் இருக்கும். கண் சரியான இடத்தில் இருந்தால் போதும்.

ஊழியர் தவறு செய்தால் அங்கேயே சொல்வதா, பிறகு சொல்வதா?
– வாசகர், தஞ்சாவூர்

பாடகருக்குத் தாளம் நழுவிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல மிருதங்கக்காரர் அப்போது மூன்று காரியம் செய்வார். தன் வாசிப்பிலுள்ள சிக்கலை எல்லாம் உதறிவிட்டுச் சர்வலகுவாக, அதாவது எளிமையாகச் சீராக, வாசிப்பார். சமத்தையும் (தாளம் தொடங்கும் இடம்) எடுப்பையும் (பாட்டு தொடங்கும் இடம்) சொற்களில் தெளிவாக அழுத்திக் காட்டுவார். தலை நிமிர்ந்து முறைக்க மாட்டார். பாடகர் பல்லவியின் எடுப்பில் வந்து சேர்ந்துகொள்வார், முன்வரிசையில் இருவருக்கு மட்டும் தெரிந்திருக்கும்.

வேலை நடக்கும்போதும் அதேதான். வாடிக்கையாளர் முன்னால் கணக்கு தவறிவிட்டதா? நீங்கள் செய்துகொண்டிருப்பதைச் சுருக்கிக்கொண்டு, அவர் எங்கே வந்து சேர வேண்டுமோ அந்த இடத்தை மட்டும் காட்டுங்கள்: ‘ஜிஎஸ்டி வரியிலிருந்து மறுபடி பார்த்துவிடலாம்.’ விளக்கம் அப்புறம். ஆனால் அந்த அப்புறம் அன்றைக்கே இருக்க வேண்டும், தனியாக இருக்க வேண்டும். ‘உனக்குத் தாளமே நிற்கவில்லை’ என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. ‘சரணத்தின் இரண்டாவது வரி, மூன்றாவது சங்கதியில் அரை இடம் முந்தினாய், அங்கே மூச்சு எடுக்கும் இடத்தை மாற்று’ என்பார்கள். இடம், அளவு, காரணம், மாற்று என்ற நான்கும் இருந்தால் கேட்பவருக்குக் கோபம் வர வாய்ப்பு குறைவு.

உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் இதெல்லாம் பொருந்தாது. அங்கேயே நிறுத்துங்கள்.

ஆண்டு விழாவில் 150 பிள்ளைகள் சேர்ந்து பாட வேண்டும். பின்வரிசை எப்போதும் இழுக்கிறது, முன்வரிசை ஓடுகிறது. திருவையாற்றில் மட்டும் எப்படிச் சேருகிறது?
– இசை ஆசிரியை, பாபநாசம்

திருவையாற்றில் தியாகராஜ ஆராதனையின்போது எல்லோரும் சேர்ந்து பாடுவது அவருடைய பஞ்சரத்னம் என்ற ஐந்து கீர்த்தனைகள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என ராகங்கள் ஐந்தும் வேறு. ஆனால் பஞ்சரத்னம் முழுவதும் ஆதி தாளம். பாடுபவர் அனைவரும் அதே கீர்த்தனைகளைப் பல ஆண்டுகள் பாடியவர்கள், கையில் தாளம் போட்டுக்கொண்டே பாடுபவர்கள். அங்கும் பாடாந்தர வேறுபாடு (குருவழிக்கு ஏற்பப் பாடும் முறை மாறுவது) உண்டு, ஸ்வரப் பகுதிகளில் வேகம் கூட இழுக்கும். தாளக் கைகள் கண்ணுக்குத் தெரிவதால் கூட்டம் தன்னைத் தானே திருத்திக்கொள்கிறது.

உங்கள் பின்வரிசை இழுப்பதற்குச் சோம்பல் காரணமில்லை. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. 34 மீட்டர் தள்ளி நிற்கும் பிள்ளைக்கு முன்வரிசைக் குரல் பத்தில் ஒரு நொடி தாமதமாகத்தான் கேட்கும். காதை நம்பிப் பாடினால் பின்தங்காமல் என்ன செய்யும்? கண்ணை நம்பவையுங்கள். ஒவ்வொரு மூன்று வரிசைக்கும் உயரமான இடத்தில் தாளம் போடும் ஒரு மாணவி நிற்கட்டும், அவர்கள் எல்லோரும் உங்கள் கையை மட்டும் பார்க்கட்டும். முன்வரிசை ஓடுவதற்குக் காரணம் பெரும்பாலும் மூச்சு. வரி முடிவில் மூச்சுக்கு இடம் விடாமல் அடுத்ததைப் பிடிக்கிறார்கள். மூச்சு எடுக்கும் இடங்களைப் பாட்டுத் தாளில் குறியிட்டு, பாடாமல் தாளமும் மூச்சும் மட்டுமாக இரண்டு முறை ஓட்டுங்கள். சுருதி 5 கட்டை வைத்துப் பாருங்கள். மேல் ஸ்தாயியில் கத்தினால் அரைக்கட்டை இறக்குங்கள்.

மேலாளர் வேலை நடக்கும் இடத்தில் நிற்க வேண்டுமா, அறையிலிருந்து பார்த்தால் போதாதா?
– வாசகர், சீர்காழி

நம் பக்கத்துப் பொம்மலாட்டத்தைப் பாருங்கள். பொம்மையின் நூல்கள் ஓர் இரும்பு வளையத்தில் கட்டியிருக்கும், ஆட்டுபவர் அதைத் தலையில் அணிந்திருப்பார். கைகளுக்குக் கம்பி. பொம்மை 10 கிலோ வரைகூட இருக்கும். அவர் தலையும் காலும் ஆடினால்தான் பொம்மை ஆடும். தினம் ஒரு மணி நேரமாவது, எடை தெரியும் இடத்தில் நில்லுங்கள்.

எங்கள் ஊர் விவசாயிகள் சங்கத்தில் படித்த பிள்ளைகள் எல்லோரும் வெளியூரில். பொறுப்பு எடுக்க ஆள் இல்லை. இருப்பவர்களுக்கும் வயதாகிறது.
– வாசகர், வலங்கைமான்

உங்களுக்குப் பக்கத்திலேயே மெலட்டூர் இருக்கிறது. மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரியின் தெலுங்கு நாட்டிய நாடகங்களைப் பாகவத மேளாவாக நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி ஆண்டுதோறும் நடத்துகிறார்கள். பெண் வேடங்களையும் ஆண்களே கட்டுகிறார்கள். நடிப்பவர்களில் பலர் வெளியூரில் வேறு வேலை பார்ப்பவர்கள், அந்த நாட்களுக்கு ஊர் திரும்புகிறார்கள். அவர்களைக் கட்டி இழுப்பது பக்தி என்பது உண்மை. அதோடு, நீங்கள் எடுத்துக்கொள்ளக்கூடிய ஏற்பாடும் ஒன்று உண்டு. தேதியை யாரும் கூடிப் பேசி முடிவு செய்வதில்லை, பஞ்சாங்கம் சொல்லிவிடுகிறது. இடம் மாறுவதில்லை. வருபவருக்குத் தன் வேடம் இது என்று முன்பே தெரியும்.

உங்கள் சங்கத்திலிருந்து என்ன அழைப்பு போகிறது? ‘முடிந்தால் வாங்க’ என்றுதானே? பேரவைக் கூட்டத்தைப் பொங்கலை ஒட்டி ஒரே நாளில் நிலையாக வையுங்கள். வெளியூரில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் பெயர் போட்டு ஒரே ஒரு வேலை கொடுங்கள். ஒருவருக்கு விதைநெல் கொள்முதல் கணக்கு, ஒருவருக்கு வங்கிக் கடிதங்கள், ஒருவருக்கு பயிர்க் காப்பீட்டு விண்ணப்பங்கள். குறைந்தது மூன்று ஆண்டு அதே வேலை அவரிடம் இருக்கட்டும். ஆண்டுக்கு ஆண்டு மாற்றினால் யாருக்கும் எதுவும் தன்னுடையதாக ஆகாது.

அடுத்த தலைமைக்கு இரண்டாவது நாகசுரத்தின் பாதையைப் பாருங்கள். முதலில் முதல் நாகசுரக்காரர் ராகத்தை விரிக்கும்போது சட்ஜத்தைப் பிடித்து நிற்பது. பிறகு அவர் விட்ட இடத்தில் சின்னப் பிடிகளைத் திருப்பி வாசிப்பது. பிறகு ஒரு ராகத்தில் பாதி. பிறகு சிறிய புறப்பாட்டுக்குத் தனியாக. நம் சங்கங்களில் முதல் படியிலிருந்து நேரே கடைசிப் படிக்குத் தூக்கிவிடுகிறோம், அல்லது கடைசிவரை சட்ஜத்திலேயே நிறுத்திவிடுகிறோம். இளையவருக்கு இந்தப் போகத்திலேயே ‘ஒரு ராகத்தில் பாதி’ கொடுங்கள். உரக் கொள்முதல் பேச்சை அவர் தொடங்கட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் இருங்கள். பேசாமல் இருப்பதுதான் உங்களுக்குக் கடினமாக இருக்கும்.

தேய்ந்த கருவிகளை மாற்றக் கேட்டால், ‘இருப்பதை வைத்து ஓட்டு’ என்கிறார் முதலாளி.
– பட்டறைத் தொழிலாளி, ஆடுதுறை

உங்கள் ஊருக்கு அருகில் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் நாகசுரம் செய்கிறார்கள், 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பழைய வீடுகளிலிருந்து வரும் நாள்பட்ட மரத்தைத்தான் தேடி வாங்குகிறார்கள், பச்சை மரம் வெடித்துவிடும். அவ்வளவு பார்த்துச் செய்த வாத்தியமும் நுனியிலுள்ள சீவாளி (வாயில் வைத்து ஊதும் சிறு பாகம்) சரியில்லை என்றால் பேசாது. அதனால்தான் வித்வான் மாற்றுச் சீவாளிகளையும் ஊசியையும் வாத்தியத்திலேயே கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். முதலாளியிடம் ‘புதுக் கருவி வேண்டும்’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். எந்தச் சிறு பாகம் தேய்ந்தால் மொத்த வேலையும் நிற்கிறதோ அதை மட்டும், ஒன்று பயன்பாட்டில், ஒன்று கைவசம் என்ற கணக்கில் கேளுங்கள். சென்ற மாதம் அதனால் எத்தனை மணி நேரம் வேலை நின்றது என்பதையும் எழுதிக் காட்டுங்கள்.

இவற்றை நேரில் பார்க்க எங்கே, எப்போது போகலாம்? எதைக் கவனிப்பது?
– கல்லூரி மாணவி, திருவாரூர்

திருவையாற்றில் தியாகராஜ ஆராதனை புஷ்ய பகுள பஞ்சமியன்று, பெரும்பாலும் ஜனவரியில் வரும். பஞ்சரத்னம் காலையில் பாடப்படும், பாடுபவர்களின் கைகளைக் கவனியுங்கள். மெலட்டூருக்கு நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி, பெரும்பாலும் மே மாதத்தில் போகலாம். நிகழ்ச்சி இரவில் நெடுநேரம் நடக்கும், திரும்பி வர வண்டி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். நரசிங்கம்பேட்டை கும்பகோணம் – மயிலாடுதுறை சாலையிலேயே இருக்கிறது. கோயில் புறப்பாட்டில் மேளத்துக்குப் பின்னால் நடக்காமல் பக்கவாட்டில் நடங்கள். முதல் நாகசுரத்தை எல்லோரும் பார்ப்பார்கள், நீங்கள் இரண்டாமவரையும் தாளக்காரரையும் பாருங்கள். இரண்டு தேதிகளும் ஆண்டுதோறும் மாறும், பஞ்சாங்கம் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.